தொட்டுப் பார்த்தவர்கள்

திருப்பாச்சூரில் அன்றைக்கு அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை. ஜபீன் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே ஒலிபெருக்கி காதைப் பிய்த்தது. தெருமுனையில் காத்திருந்த அருணா ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை வீடு வரைக்கும் விடவில்லை.

“வாங்க மேடம். நீங்க வந்தப்புறம்தான் கூழு ஊத்தணும்னு எங்க மாமா ஒத்தக் கால்ல நிக்கறாரு. ஊரே உங்களப் பாக்கணும்னு காத்துகினு கீது.”

ஜபீனுக்குக் கூச்சமாக இருந்தது. வெறும் கூச்சம்தான் என்று சொன்னால் அது பொய். உள்ளுக்குள் பெருமை தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஆடட்டுமே, என்ன தப்பு? அடிபட்ட தண்டுவடத்து நரம்பு திரும்ப வளராது என்று பெரிய பெரிய டாக்டர்களெல்லாம் கையை விரித்த காரியம் அது. சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில், எலிகளோடு எலியாகப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கிடந்து அதைப் பிடிவாதமாகச் செய்துகொண்டிருந்தவள் அவள். பழவேற்காட்டில் சொந்தக்காரர்கள் அவளை ‘எலி டாக்டர்’ என்றுதான் கிண்டல் செய்வார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அந்த எலிதான் குறுக்கே ஓடியது.

தண்டுவடம் முறிந்த இடத்தில் தழும்பு கட்டிக்கொண்டு, நரம்பை வளரவிடாமல் மறித்துவிடும். அந்தத் தழும்பை இளக்கி நரம்பை வளரத் தூண்டுகிற மருந்து ஒன்றை ஜபீன் உருவாக்கியிருந்தாள். எலிகளில் நரம்பு வளர்ந்தது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கிடைத்தபோது, முதல் ஆளாக வந்தவன் அருணாவின் புருஷன் அன்புசெல்வன்.

அன்புசெல்வன் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் கூரை போடும் கான்ட்ராக்டில் ஃபிட்டராக இருந்தான். கம்பெனி ஷெட்டுகளில் வெளிச்சத்துக்காகத் தகரத்துக்கு நடுவில் பிளாஸ்டிக் ஷீட் போடுவார்கள். நாலு கோடை போனால் அது அப்பளமாகக் காய்ந்துவிடும். “அதுல கால வெச்சுடாதீங்கடா” என்று கூட வந்தவர்களிடம் கத்திக்கொண்டே இருந்தவன், கத்தத் திரும்பிய நேரத்தில் தானே அதில் கால் வைத்தான். கீழே இரும்பு ரேக். தொப்புளுக்குக் கீழே உள்ளதெல்லாம் அன்றோடு அவனுக்கு இல்லாமல் போயிற்று. கண்ணால் பார்த்தால்தான் கால் இருப்பது தெரியும். அப்போது அவனுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

அவன் வயிற்றுத் தோலுக்கு அடியில் மருந்து நிரப்பிய சின்னப் பெட்டி ஒன்றை வைத்து, அதிலிருந்து நூல் மாதிரி ஒரு குழாயை முதுகுத்தண்டுக்குள் விட்டிருந்தார்கள். மருந்து சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருக்கும். ஆரம்பிப்பதற்கு முன் ஜபீன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்குப் புரிகிற மாதிரி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். “மொதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும் அன்பு. எரிச்சலாக்கூட இருக்கலாம். பயந்துடாதீங்க, அது நல்ல அறிகுறி.” இவ்வளவு அக்கறையாக யார் சொல்வார்கள் என்று அன்றைக்குத் தன்னையே மெச்சிக்கொண்டாள். அந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம்.

அப்புறம் மாதா மாதம் சோதனை. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பாதத்திலிருந்து ஒவ்வோர் இடமாக ஊசி முனையாலும் பஞ்சாலும் தொட்டு, “தெரியுதா?” என்று கேட்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை என்றால் பூஜ்யம். நல்ல உடம்பு மாதிரி தெரிந்தால் இரண்டு. ஏதோ தெரிகிறது, ஆனால் சரியாக இல்லை என்றால் ஒன்று. அந்த ஒன்றுக்குள் எது வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம். சித்திரை மாதத்தில் அன்புசெல்வனின் இடது கால் கட்டைவிரல் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு வந்தது. வைகாசியில் இரண்டு பாதமும் ஒன்று. ஆனியில் முழங்கால் வரைக்கும் ஒன்று. ஆராய்ச்சி நிலையத்தில் கேக் வெட்டினார்கள். இயக்குநர் தன் கையால் ஜபீனுக்கு ஊட்டிவிட்டார். இரண்டாவது நோயாளிக்கு அடுத்த வாரம் பெட்டி வைப்பதாக நாள் குறித்தாயிற்று.

ஒவ்வொரு தடவையும் “வலி ஏதாவது இருக்கா?” என்றும் கேட்டாள். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. அவன் “இல்ல மேடம்” என்பான், கேள்வி முடிவதற்கு முன்பே. அந்த அவசரத்தை அவள் கவனித்தாள். கவனித்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஊசியை நகர்த்தினாள்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்குக் கீழே இரும்புக் கட்டில். குளிப்பாட்டி, புது லுங்கி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு அன்புசெல்வனை அதில் படுக்க வைத்திருந்தார்கள். அவன் மகள் பூமிகா, நாலு வயசு, கட்டிலில் ஏறிக் குறுக்கே படுத்து, அப்பன் வயிற்றின் மேல் தலையை வைத்து வெள்ளரித் துண்டு தின்றுகொண்டிருந்தாள். தொப்புளுக்கு மேலே நாலைந்து விரல் தள்ளி ஓர் இடம். எப்போதும் அவள் தலை வைக்கிற இடம் அதுதான். “எம் புள்ள வெயிட்டு எனக்குத் தெரியிற எடம் மேடம் இது. மத்தது போனா போவட்டும்” என்று முதல் சோதனையன்றே அவன் சொல்லியிருந்தான்.

“டாக்டரம்மா வந்துட்டாங்க!” என்று துளசிராமன் கூவினார். அன்புசெல்வனின் அப்பா. ஏரிக்குக் கீழே சொந்தமாக நெல் போடுகிறவர், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. ஜபீனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் போட்டிருந்த நாற்காலி. அவர் கால்மாட்டில் நின்றுகொண்டார், கல்யாண மண்டபத்து வாசலில் பெண்ணைப் பெற்றவர் நிற்பதுபோல.

“கூழு குடிச்சவங்க ஒவ்வொருத்தரா வாங்க. தொட்டுப் பாருங்க. எம் புள்ள சொல்லுவான் எந்த வெரலுன்னு. டேய் நைனா, கண்ண மூடிக்க.”

இது இன்றைக்கு மட்டும் நடக்கிற கூத்து இல்லை. கட்டைவிரலுக்கு உணர்ச்சி வந்தது என்று தெரிந்த நாளிலிருந்து ஊருக்கே இது வழக்கமாகிப் போயிருந்தது. பால் ஊற்ற வருகிறவர் தொட்டுப் பார்ப்பார். மகளிர் குழுக் கூட்டத்துக்கு வரும் பெண்கள் வரிசையாகத் தொட்டுப் பார்ப்பார்கள். வெளியூர்ச் சொந்தம் வந்தால் காபி குடிக்காமல்கூடக் கிளம்பிப் போகும். காலைத் தொடாமல் போகாது. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. செத்துப்போன கால் உயிரோடு எழுவதைத் தன் விரலாலேயே பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறதே, யார் விடுவார்கள்?

ஒரு பையன் சுண்டுவிரலைக் கிள்ளினான். “தெரியுது. ரைட்டு காலு, சுண்டு வெரலு” என்றான் அன்புசெல்வன். கைதட்டினார்கள். ஒருத்தர் குதிகாலை அழுத்தினார். “தெரியுதுண்ணா. லெப்டு.” பூவம்மாள் என்று ஓர் அம்மாள், அவனுக்கு அத்தை முறை, கண்ணில் தண்ணீரோடு வந்து இரண்டு பாதத்தையும் உள்ளங்கையால் தேய்த்து விட்டாள். “என் ராஜா, என் தங்கமே, நடந்துடுவடா நீ” என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தாள்.

“தெரியுது அத்த” என்றான் அன்புசெல்வன்.

எல்லோரும் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்ததால் ஜபீனுக்கு மட்டும் அவன் முகம் தெரிந்தது. நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து காதுப் பக்கம் வழிந்திருந்தது. வலது கை தலையணைக்கு அடியில் போய்க் கட்டில் குழாயைப் பிடித்திருந்தது. பிடித்த பிடியில் விரல் மூட்டெல்லாம் வெளுத்துக் கிடந்தது. வாய் சிரித்தது. தாடை மட்டும் சிரிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அடுத்து ஒரு பெண் வந்து நின்றபோது அவள் சேலைத் தலைப்பு அவன் பாதத்தில் லேசாக உரசியது. அவ்வளவுதான், கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது.

ஜபீனுக்கு அந்த எலிகள் ஞாபகத்துக்கு வந்தன.

மருந்து கொடுத்த எலிகளில் சில தங்கள் பின்னங்கால் விரல்களைத் தாங்களே கடித்துத் தின்றிருந்தன. காலையில் கூண்டைத் திறந்தால் மரத்தூளில் ரத்தம் இருக்கும். தூள் சரியாக மாற்றவில்லை, பூஞ்சை பிடித்திருக்கும் என்று பேசி முடித்தார்கள். கட்டுரையில் ‘சில எலிகளுக்குக் கால்விரலில் காயம்’ என்று ஒரே வரியில் எழுதியது ஜபீன்தான். பொறுக்க முடியாமல் வலிக்கிற உறுப்பை எலி கடித்து எறியும் என்பது அவளுக்குத் தெரியாதா? கல்லூரியில் பாடமாகவே படித்தவள். ஆனால் அந்த எலிகளுக்குக் கால் அசைந்ததே! அசைகிற காலைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, தின்ற விரலைப் பார்க்க நேரமில்லை.

அவள் எழுந்தாள். “போதும், போதும். நான் கொஞ்சம் பரிசோதிக்கணும். உள்ள தூக்கிகினு போங்க” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. துளசிராமனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இன்னும் பாதிப் பேர் தொடவில்லை. ஆனாலும் டாக்டரம்மா சொல்லாயிற்றே. பூமிகாவை இறக்கிவிட்டு, நாலு பேர் கட்டிலைத் தூக்கினார்கள். வாசற்படியில் கட்டில் இடித்துக்கொண்டபோது அன்புசெல்வன் இருமுவதுபோல ஒரு சத்தம் போட்டான்.

கதவைச் சாத்திவிட்டு ஜபீன் கேட்டாள். “எத்தன நாளா அன்பு?”

“இன்னாது மேடம்?”

“வலி.”

“வலியெல்லாம் இல்ல மேடம். கொஞ்சம் எரியும். அதான் நீங்களே சொன்னீங்களே, நல்ல அறிகுறின்னு.”

அவள் பையிலிருந்து பஞ்சை எடுத்தாள். ஊசி இல்லை, வெறும் பஞ்சு. அதைக் கொண்டு அவன் உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தாள். அன்புசெல்வன் தலையணையை வாயில் கவ்விக்கொண்டான். அந்தத் துணிக்குள்ளிருந்து வந்த சத்தத்தை ஜபீன் அதற்கு முன் எந்த மனிதனிடமும் கேட்டதில்லை. வெளியே ஒலிபெருக்கி அலறியதால் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

“கொதிக்கிற சுண்ணாம்புல ரெண்டு காலயும் வெச்சுகினு நிக்கற மாதிரி கீது மேடம்” என்றான், மூச்சு திரும்பிய பிறகு. “சித்தரயிலேருந்து. லுங்கி பட்டாப் போதும். ஃபேன் காத்து பட்டாப் போதும். தூக்கம்ன்றதே கெடயாது.”

“ஏன்யா சொல்லல? நான் மாசா மாசம் கேட்டனே!”

“சொன்னா நிறுத்திடுவீங்க.” அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழிந்துகொண்டே இருந்தது. “நீங்க குத்தி, நான் தெரியுதுன்னு சொல்றப்போ உங்க மூஞ்சி எப்டி மாறுது தெரியுமா மேடம்? அருணாவ நெனச்சுப் பாருங்க. நான் விழுந்ததுலேருந்து அவ சிரிச்சே நான் பாக்கல. கட்ட வெரல் தெரியுதுன்னு சொன்ன அன்னிக்குதான் சிரிச்சா. அதப் பாத்துட்டு எந்த வாயால வலிக்குதுன்னு சொல்றது?”

ஜபீனுக்கு அழுகை முட்டியது. அதைவிட அதிகமாகக் கோபம். யார் மேல் என்று கேட்டால் என்ன சொல்ல? அவன் மேல், அந்த ஒன்று என்ற எண்ணின் மேல், கேக்கை ஊட்டிவிட்ட இயக்குநர் மேல். எல்லோர் மேலும் சுற்றிவிட்டுக் கடைசியில் அவள் மேலேயே வந்து நின்றது.

“பெட்டிய எடுத்துடணும் அன்பு.”

“வேணாம் மேடம்.” அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “கால்ல வுழறேன், வேணாம். காலே இல்லாதவனுக்கு வலியாவது வந்துச்சே. இதுக்கப்புறம் அசைவு வரும்னுதானே பல்லக் கடிச்சுகினு கீறேன்.”

“வராது” என்றாள் ஜபீன். சொல்லித்தான் ஆகவேண்டும். “அசையற நரம்பு வளரல. வலிக்கிற நரம்பு மட்டும்தான் வளர்ந்திருக்கு. நாம வயலுக்குத் தண்ணி வரும்னு வாய்க்கா வெட்டினோம். சாக்கட வந்து பாஞ்சிடுச்சி.”

சாத்திய கதவு மறுபடி திறந்ததை அவள் கவனிக்கவில்லை. கூழ்ச் சொம்போடு அருணா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது, நிறையக் கேட்டிருக்க வேண்டும்.

“வலிச்சா வலிக்கட்டும் மேடம்” என்றாள். சொம்பைக் கீழே வைத்தாள். “புள்ள பெத்தப்ப எனக்கு வலிக்கல? வலிக்காம எது வரும்? இவரு தாங்கிக்குவாரு. நீங்க நிறுத்தாதீங்க.”

“அருணா, இது அந்த மாதிரி வலி இல்லம்மா.”

“உங்களுக்குப் பரிட்ச பெயிலாவுதுன்னா நிறுத்திகினு போயிடுவீங்க. நாங்க இன்னா பண்றது? நாளைக்கு நடப்பாருன்னு ஊரக் கூட்டிக் கூழு ஊத்திட்டோமே!”

அன்றைக்கு ஜபீன் அந்த வீட்டில் ஒரு வாய் கூழ்கூடக் குடிக்காமல் கிளம்பினாள்.

ஆராய்ச்சி நிலையத்தில் சண்டை பெரிதாக நடந்தது. ஒரே ஓர் ஆள், அதுவும் ஒரு பஞ்சு, அதை வைத்து எல்லாவற்றையும் நிறுத்துவதா என்று இயக்குநர் குதித்தார். இரண்டாவது ஆளுக்கும் கொடுத்துப் பார்ப்போமே என்றார். “மொதல்ல என் எலிங்க தின்ன வெரல எண்ணிப் பாருங்க சார்” என்று ஜபீன் கத்தினாள். ஆராய்ச்சி நின்றது. இரண்டாவது நோயாளிக்குப் பெட்டி வைக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்து வேலையில் அவள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்புசெல்வனைக் கூட்டிவந்து பெட்டியை எடுத்தார்கள். மருந்து நின்றது. வலி நிற்கவில்லை. வளர்ந்த நரம்பு வளர்ந்ததுதான், அதைத் திருப்பி உள்ளே போகச் சொல்லும் மருந்து யாரிடமும் இல்லை. வலிக்கு என்னென்ன மாத்திரை உண்டோ அத்தனையும் கொடுத்துப் பார்த்தார்கள். நாளெல்லாம் வாயில் எச்சில் வழியத் தூங்கி வழிந்தான். கண் விழித்தால் சுண்ணாம்பில் நின்றான்.

ஊர் வேறு மாதிரி பேசியது. நன்றாக வந்துகொண்டிருந்ததை அந்த டாக்டரம்மா பாதியில் நிறுத்திவிட்டாள், கால் எழுந்து நடக்கிற நேரத்தில் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள் என்றார்கள். துளசிராமன் ஜபீனின் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். யாரும் காலைத் தொடக் கூடாது என்று அருணா வாசலிலேயே நின்று தடுத்தாள். அதனால் மற்றவர்கள் தொடுவது நின்றது. பெற்றவரை யார் தடுப்பது? விடிகாலையில் வயலுக்குப் போகும் முன் துளசிராமன் சத்தமில்லாமல் உள்ளே வந்து, மகனின் கட்டைவிரலை ஒரே ஒரு விரலால் தொடுவார். “கீதாடா நைனா?” என்பார். மருந்து நின்ற பிறகும் உணர்ச்சி இருக்கிறதா, அதுவும் போய்விட்டதா என்ற பயம் அவருக்கு.

“கீதுப்பா” என்பான் அன்புசெல்வன். அவர் போன பிறகு தலையணையைக் கவ்விக்கொள்வான்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அருணாவிடமிருந்து போன் வந்தது. ஆடிக்குப் பிறகு அவளாகப் பேசியது அதுதான் முதல் தடவை. ஜபீன் ஆராய்ச்சி நிலையத்துப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

“மேடம், நான் நாத்து நடற எடத்துக்குச் சோறு எடுத்துகினு போயிருந்தேன்.” அவள் அழவில்லை. அழுது முடித்தவள் குரல். “கருக்கரிவா ஜன்னல்ல இருந்திருக்குது. எட்டி எடுத்துட்டாரு. கால மடிச்சுப் போட்டுகினு கட்ட வெரல அறுத்துக்கினாரு மேடம். பாதிக்கு மேல அறுத்துட்டாரு. பாப்பாதான் பாத்துட்டு ஓடியாந்து சொல்லுச்சு. ‘அப்பா வெரலு எடுக்குது’ன்னு.”

மரத்தூளும் ரத்தமும் ஜபீனின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

“திருவள்ளூர் ஆஸ்பத்திரில தையல் போட்டு வெச்சுக்கீறாங்க” என்றாள் அருணா. “எனக்கு அவரு நடக்க வேணாம் மேடம். எனக்கு எதுவும் வேணாம். நீங்க குடுத்தத நீங்களே எடுத்துகினு போயிடுங்க.”

எடுக்க ஒரே ஒரு வழி இருந்தது. முறிவுக்கு மேலே, நல்ல தண்டுவடத்தில் போய், வலி ஏறி வரும் பாதையையே அறுத்து எடுத்துவிடுவது. அதைச் செய்கிற அறுவை மருத்துவர் சந்திரமோகன் ஜபீனுக்கு சீனியர், ஒளித்துப் பேசத் தெரியாத மனிதர். “அறுத்துட்டா அறுத்ததுதான்” என்று அன்புசெல்வனிடமே சொன்னார். “நாளைக்கே உலகத்துல எவனாவது நல்ல மருந்து கண்டுபிடிச்சாலும் உனக்கு அது கெடையாது. வளர அங்க எதுவும் இருக்காது. இப்ப தெரியற எடமும் கொஞ்சம் போகும்.”

“எவ்ளோ மேல போவும் சார்?”

“ஒரு நாலு விரல்.”

அன்புசெல்வன் தொப்புளிலிருந்து நாலு விரலை வைத்து அளந்து பார்த்தான். அதற்கு மேலே கையை வைத்துத் தட்டிப் பார்த்தான். “பாப்பா தல வெக்கற எடம் தப்பிச்சிடும்” என்று அருணாவிடம் சொன்னான். சந்தோஷமாகவே சொன்னான்.

அறுவை சிகிச்சை நடந்தபோது ஜபீன் உள்ளே நின்றாள். நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சந்திரமோகன் ஒரு துண்டை அறுத்தார், கருவியை வைத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார், இன்னும் கொஞ்சம் மேலே போனார். திரும்பவும் பார்த்தார். திரும்பவும் மேலே. ஜபீன் சுவரில் சாய்ந்துகொண்டு, எத்தனை விரல் மேலே போகிறார் என்று எண்ணாமல் இருக்கப் பார்த்தாள். இத்தனை வருஷமும் நுண்ணோக்கிக்குக் கீழே ஒரு மயிரிழை வளர்ந்ததைப் பார்த்தால் பசி மறந்து போகிறவள். இன்றைக்கு அந்த நரம்பு கத்தை கத்தையாகத் தட்டில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கை கழுவும்போது சந்திரமோகன் சொன்னார். “வளர்ந்த நரம்பு நெனச்சதைவிட ரொம்ப மேல போயிருந்துச்சு ஜபீன். விட்டிருந்தா வலி திரும்ப வந்திருக்கும். ஒண்ணு சொல்றேன், உன் மருந்து நல்லாத்தான் வளர்த்திருக்கு.” அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே பாராட்டினார்.

நாலைந்து நாள் கழித்து வார்டில் கடைசி சோதனை. அன்புசெல்வன் மல்லாந்து படுத்திருந்தான். முகத்தில் தூங்கி எழுந்த தெளிவு இருந்தது. கண்ணைச் சுற்றியிருந்த கறுப்பு குறைந்திருந்தது. இரவு முழுக்கத் தூங்கினானாம், நர்ஸ் எழுப்பித்தான் நாஷ்டா சாப்பிட வைத்தாளாம். அருணா தலைமாட்டில் நின்று அவன் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள்.

“கண்ண மூடிக்கோங்க அன்பு.”

மூடிக்கொண்டான். ஜபீன் ஊசியை எடுத்துத் தையல் போட்ட கட்டைவிரலுக்குப் பக்கத்தில் தொட்டாள். “தெரியுதா?”

“தெரியல மேடம்.”

உள்ளங்கால். பஞ்சால் கோடு இழுத்தாள். அதே கோடு. “இப்போ?”

“தெரியல!” அவன் சிரித்தான். நிஜச் சிரிப்பு, தாடையும் சேர்ந்து சிரித்தது. “அருணா, தெரியலடி! ஒண்ணுமே தெரியல!”

கணுக்கால் தெரியவில்லை. முழங்கால் தெரியவில்லை. தொடை தெரியவில்லை. ஒவ்வொரு ‘தெரியல’வுக்கும் அவன் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அருணா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தொப்புள் தெரியவில்லை. ஜபீன் ஒரு விரல் மேலே போனாள், இரண்டு விரல், மூன்று, நாலு. தெரியவில்லை. இங்கே தெரிய வேண்டும். ஊசியைக் கொஞ்சம் அழுத்தினாள். இன்னும் ஒரு விரல் மேலே வைத்தாள்.

“தெரியல மேடம்” என்றான் அன்புசெல்வன், அதே சந்தோஷத்தோடு.

அருணாவின் கை அவன் முடியில் அப்படியே நின்றது. ஊசி எந்த இடத்தில் நிற்கிறது என்று அவள் பார்த்துவிட்டாள். தினம் தினம் அந்த இடத்திலிருந்துதானே தூங்கிப்போன குழந்தையைத் தூக்கிப் பாயில் போடுவாள். ஜபீன் இன்னும் மேலே, விலா எலும்புக்குக் கீழே ஊசியைக் கொண்டு போனாள். அருணா கட்டிலைச் சுற்றி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பேசாமல், வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

“முடிஞ்சிடுச்சா மேடம்?” அவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான். “கடைசியா எங்க தொட்டீங்க?”

இந்த ஓர் ஆளிடமாவது இனிப் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் ஜபீன் அன்றைக்கு வந்திருந்தாள். வாயைத் திறந்தாள்.

“கால்லதாங்க” என்றாள் அருணா, முந்திக்கொண்டு. “கால்லதான் தொட்டாங்க.”

“அப்பாடா” என்றான் அன்புசெல்வன்.